மானாப்புல்லில் எவ்வளவு நீர்?

ஜனவரியில் மழை ஓய்ந்து காலைப் பனி இறங்கத் தொடங்கியதும் இலங்கை மலையகத்தில் நோர்வூட்டைச் சுற்றியுள்ள மலைகள் இரண்டு நிறமாகப் பிரிகின்றன. பொகவந்தலாவைப் பக்கமிருந்து வந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேரும் கெஹெல்கமு ஓயாவின் இரு மருங்கிலும் தேயிலை பச்சை மாறாமல் நிற்கிறது. அதற்கு மேலே, தேயிலை ஏறாத முகடுகளிலும் பைனஸ் காட்டு ஓரங்களிலும், ஆளுயர மானாப்புல் நாளுக்கு நாள் வெளிறி வருகிறது. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்திலிருந்து வரும் காட்டுத்தீச் செய்திகள் பலவும் இந்தப் புல்லில் பிடித்த தீயைப் பற்றியவைதான். அவுஸ்திரேலியாவின் தீயோடு ஒப்பிட்டால் இவை சின்னத் தீ. ஆனால் எரிகிற இடம் ஊற்றின் தலைமாடு. மேட்டுப் புல் எரிந்தபின் கீழே தொழிலாளர் வாழும் லயன்களுக்குக் குழாய்வழி இறங்கும் தண்ணீர் மெலிகிறது. மூடாக்கு இல்லாத சரிவிலிருந்து அடுத்த பருவமழை மண்ணை வழித்துக்கொண்டு போகிறது. அதனால் ஓர் ஏக்கர் எரிந்தது, பத்து ஏக்கர் எரிந்தது என்ற கணக்கை வைத்து மட்டும் இந்தத் தீயை மதிப்பிட முடியாது. குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு முகட்டில், அந்தப் புல்லுக்குள் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை 700 கிலோமீற்றருக்கு மேலே சுற்றும் செய்மதியைக் கொண்டு சொல்ல முடியுமா? முடியும் என்பதே என் வாதம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதே மலையில் யாராவது புல்லை அறுத்து நிறுத்துப் பார்க்க வேண்டும். அந்த வேலைக்குத் தேயிலைத் தோட்டத்தைவிடத் தோதான இடத்தை நினைத்துப் பார்ப்பது கடினம்.

நீரின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை எரிபொருளின் கணக்கே சொல்லிவிடும். ஒரு கிலோ நன்றாகக் காய்ந்த புல் எரிந்தால் ஏறக்குறைய 18 மெகாஜூல் வெப்பம் வெளிவருகிறது. ஒரு கிலோ நீரை மலைப்பகுதிக் குளிரிலிருந்து கொதிக்க வைத்து ஆவியாக்குவதற்கு 2.6 மெகாஜூல் அளவில் செலவாகிறது. மழைக்காலத்துப் பச்சைப் புல்லில் உலர்பொருள் ஒரு கிலோ என்றால் நீர் மூன்று கிலோ வரை இருக்கலாம். அதை விரட்டவே எட்டு மெகாஜூலுக்குக் கிட்ட வேண்டும். அதுவும் அந்தப் புல் பற்றுவதற்கு முன்பே, பக்கத்தில் எரியும் சுவாலையிலிருந்து வந்தாக வேண்டும். சுவாலையின் வெப்பத்தில் பெரும்பகுதி மேலே போய்விடுகிறது. முன்னால் நிற்கும் புல்லை எட்டுவது சிறு பங்குதான். ஆகவே ஈரம் ஓர் அளவுக்கு மேல் இருந்தால் தீ தன்னைத்தானே முன்னே நகர்த்த முடியாமல் அவிந்துவிடும். தீ ஆய்வாளர்கள் இந்த ஈரத்தை உலர் எடைக்கு எதிராகக் கணக்கிடுகிறார்கள்: நீரின் எடையை உலர்பொருளின் எடையால் வகுத்து நூறால் பெருக்குவது. இதனால் 100 சதவீதத்தைத் தாண்டிய எண்களும் வரும். அமெரிக்க வனச் சேவையைச் சேர்ந்த ரிச்சர்ட் ரொதர்மல் 1972-இல் வெளியிட்ட தீப் பரவல் சூத்திரம் இன்றும் பல நாடுகளின் எச்சரிக்கை முறைகளுக்கு அடிப்படையாக இருக்கிறது. அந்த வழிவந்த எரிபொருள் வகைகளில், காய்ந்து செத்த புல்லில் தீ அவியும் எல்லை குட்டைப் புல்லுக்கு 12 சதவீதமாகவும் உயரப் புல்லுக்கு 25 சதவீதமாகவும் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரே காற்று, ஒரே சரிவு, ஒரே தீக்குச்சி. தீ ஓடுவதா அவிவதா என்பதை முடிவு செய்வது இந்தச் சில சதவீத வித்தியாசம்.

மலையகத் தீயை அறிந்தவர்கள் இங்கே உடனே ஒரு மறுப்பைச் சொல்வார்கள். இந்த மலைகளில் மின்னலால் தீப்பிடிப்பது அரிது. பிடிப்பதெல்லாம் மனிதர் வைப்பது. மாட்டுக்கு இளம்புல் வேண்டும் என்று வைப்பவர் உண்டு, வேட்டைக்காக வைப்பவர் உண்டு, நிலத்தை வெளியாக்க வைப்பவர் உண்டு, சிகரெட்டை அணைக்காமல் எறிபவரும் உண்டு. ஆக இது பொலிஸின் வேலை, செய்மதியின் வேலையல்ல என்பது அந்த மறுப்பு. தீ வைப்பதைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தீக்குச்சி ஜூன் மாதத்திலும் எறியப்படுகிறது. தென்மேற்குப் பருவமழையில் நனைந்து கிடக்கும் மானாவில் விழும் நெருப்பு அங்கேயே செத்துப்போகிறது. மார்ச் மாதத்து மதியத்தில் விழும் அதே நெருப்பு முகடு தாண்டுகிறது. வைப்பவர்கள் ஆண்டு முழுவதும் இருக்கிறார்கள், பரவல் மட்டும் சில வாரங்களுக்குள் குவிகிறது என்றால், அந்த வாரங்களைத் தேர்ந்தெடுப்பது புல்லின் ஈரம். எல்லா முகட்டுக்கும் எல்லா நாளும் காவல் போட எந்தத் திணைக்களத்திடமும் ஆள் இல்லை. எந்த வாரத்தில், எந்த முகட்டில் என்று தெரிந்தால் இருக்கிற ஆட்களை அங்கே நிறுத்தலாம்.

தீயைக் கண்டுபிடிக்கும் செய்மதிகள் ஏற்கெனவே இருக்கின்றனவே என்றும் கேட்கலாம். இருக்கின்றன. டெரா, அக்குவா செய்மதிகளில் உள்ள மோடிஸ் கருவி ஒரு கிலோமீற்றர் அளவிலும், 2011-இல் ஏவப்பட்ட சுவோமி என்.பி.பி. செய்மதியின் வீர்ஸ் கருவி 375 மீற்றர் அளவிலும் தீயின் வெப்பத்தைக் கண்டு சொல்கின்றன. இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் இந்தத் தகவலைக் கொண்டு வனத்துறைகளுக்கு எச்சரிக்கை அனுப்பி வருகிறது. ஆனால் அவை சொல்வது பிடித்துவிட்ட தீயை. வீர்ஸ் ஓரிடத்தைக் கடப்பது பிற்பகல் ஒன்றரை மணிக்கும் பின்னிரவு ஒன்றரை மணிக்கும் அண்மையில். மானாப்புல் தீ மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்குள் ஒரு சரிவை முடித்துவிடும். அதைச் செய்மதி பார்ப்பதே இல்லை. சரிவு 10 பாகை கூடினால் மேல்நோக்கி ஓடும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது அவுஸ்திரேலியத் தீயணைப்பாளர்களின் நெடுநாள் கணக்கு. 30 பாகைச் சரிவில் அது எட்டு மடங்கு. 2018 மார்ச் 11 அன்று தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்கள் புல் சரிவில் தீயிடம் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அப்படிப்பட்ட சரிவில் தீ தெரிந்தபின் வரும் எச்சரிக்கைக்கு நேரமே இருப்பதில்லை. பயன்படக்கூடியது சில நாட்களுக்கு முன்பே வரும் எச்சரிக்கை மட்டுமே. அது வெப்பத்தைப் பார்த்து வராது, ஈரத்தைப் பார்த்துத்தான் வரும்.

அடுத்த மறுப்பு கொஞ்சம் கனமானது. மழையைத்தான் அளக்கிறோமே, அது போதாதா? தோட்டங்களில் மழைமானி வைத்து நாள்தோறும் எழுதிவைக்கும் வழக்கம் வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்து தொடர்கிறது. இலங்கையின் மழைப் பதிவுகளில் பெரும் பங்கு தோட்டங்கள் தந்தது. மவுசாகலை நீர்த்தேக்கத்தில் நீர் இறங்கி, மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயில் வெளியே தெரிந்தால் வரட்சி முற்றிவிட்டது என்று ஊருக்கே தெரியும். ஆனால் நீர்த்தேக்கம் காட்டுவது மாதக்கணக்கான மழையின் இருப்பையும் மின்னுற்பத்திக்குத் திறந்துவிட்ட நீரையும். மழைமானி காட்டுவது வந்த நீரை. இரண்டுமே செடிக்குள் மிஞ்சியிருக்கும் நீரைக் காட்டுவதில்லை. ஒரே மழை பெய்த ஒரே மலையில் தேயிலையின் வேர் ஆழத்து நீரை எடுத்துக்கொண்டு பச்சையாக நிற்கிறது, மேல்மண்ணை மட்டும் நம்பிய புல் காய்ந்துவிடுகிறது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மத்திய மலைத்தொடரின் மறைவில் இருக்கிறது; மறுபுறத்தில் மழையைக் கொட்டிவிட்டு இறங்கி வரும் காற்று இங்கே உலர்ந்து வருகிறது. மேகமில்லாத இரவுகளில் நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் உறைபனி விழுந்து புல்லும் கொழுந்தும் கருகுகின்றன. உறைபனியில் செத்த புல்லுக்கு நேற்றுவரை மழை பெய்திருந்தாலும் பயனில்லை. மழைக் கணக்கு அங்கே நிலம் ஈரமென்று சொல்லிக்கொண்டிருக்கும். புல் எரியத் தயாராக நிற்கும். மழைப் பதிவை விட்டுவிடச் சொல்லவில்லை. அது பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

மீதிக் கதையைச் செய்மதி எப்படிப் படிக்கிறது? இலையில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டுதான். இலை தன் பச்சையத்தால் சிவப்பு ஒளியை விழுங்கிக்கொண்டு, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. அண்மை அகச்சிவப்புக்கு அப்பால், குற்றலை அகச்சிவப்பு என்ற பகுதியில், நீரே ஒளியை விழுங்குகிறது. 1450, 1940 நனோமீற்றர் அலைநீளங்களில் இந்த விழுங்கல் உச்சத்தில் இருக்கிறது. ஆனால் அதே அலைநீளங்களை வளிமண்டலத்து நீராவியும் விழுங்கிவிடுவதால் வானிலிருந்து அங்கே எதையும் பார்க்க முடியாது. அதனால் உச்சத்துக்குச் சற்று விலகிய 1240, 1610, 2190 நனோமீற்றர் போன்ற இடங்களில் பார்க்கிறார்கள். இலையில் நீர் நிறைந்திருந்தால் அங்கே இருட்டு, காய்ந்தால் வெளிச்சம். 1996-இல் போ-சாய் காவ் என்ற ஆய்வாளர் 860, 1240 நனோமீற்றர் ஒளிகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து நீர்ச் சுட்டெண் ஒன்றை முன்வைத்தார். இன்று பயன்படும் பல சுட்டெண்கள் அதன் வழிவந்தவை. 2015 முதல் ஐரோப்பா ஏவிவரும் சென்டினல்-2 செய்மதிகள் ஐந்து நாளுக்கு ஒருமுறை 20 மீற்றர் நுணுக்கத்தில் இந்த ஒளியைப் பதிகின்றன. படங்கள் எல்லோருக்கும் இலவசம். பணமில்லை என்ற பேச்சு செய்மதிப் படத்தைப் பொறுத்தவரை எடுபடாது.

ஆனால் சுட்டெண் என்பது ஈரமல்ல. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விடயத்தை ஊன்றிப் படிக்க வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். ஒளி உணர்வது ஒரு சதுர மீற்றர் இலைப்பரப்பில் எவ்வளவு நீர் படலமாக இருக்கிறது என்பதை. தீக்கு வேண்டியதோ நீருக்கும் உலர்பொருளுக்கும் உள்ள விகிதம். தடித்த இலையும் மெல்லிய இலையும் ஒரே நீர்ப் படலத்தோடு இருக்கலாம். விகிதம் வேறாக இருக்கும். அதைவிடச் சிக்கலானது, இலையே குறைவாக இருந்தால் என்ன ஆகும் என்பது. கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையை எடுத்துக்கொள்வோம். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரு மலையின் தேயிலை முழுவதும் இடுப்புக்குக் கீழே வெட்டப்படுகிறது. முந்திய வாரம் அடர்பச்சையாக இருந்த படம் அடுத்த வாரம் குச்சியும் செம்மண்ணுமாகத் தெரியும். நீர்ச் சுட்டெண் தலைகீழாக விழும். கலிபோர்னியாவிலோ ஸ்பெயினிலோ பழக்கப்பட்ட கணிப்பு முறை அந்த மலையைக் கடும் வரட்சி என்று குறிக்கும். உண்மையில் வேரில் நீர் இருக்கிறது, செடி உயிரோடு இருக்கிறது. ஆனால் வெட்டிப் போட்ட கிளைகள் தரையில் காய்ந்துகொண்டிருக்கின்றன, அவை எரியும். ஆக எண்ணும் தவறு, ஆபத்து முற்றிலும் இல்லை என்பதும் தவறு. இதேபோல, பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் மறுநடுகைக்கு முன் மண்ணைத் தேற்றுவதற்காக மானாவோ குவாத்தமாலாப் புல்லோ நடப்படும். தோட்டத்து வரைபடத்தில் அது தேயிலை நிலம். ஒளிக்கும் தீக்கும் அது புல். எந்த மலை எப்போது கவ்வாத்தானது, எந்த நிலம் புல்லில் இருக்கிறது என்ற விபரம் தோட்டத்து அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறது. அது கணிப்போடு சேராதவரை செய்மதி இங்கே திரும்பத் திரும்ப ஒரே பிழையைச் செய்யும்.

நுணுக்கத்தின் அளவும் இங்கே பொருட்படுத்த வேண்டியது. இந்த ஒளியை மோடிஸ் பதியும் 500 மீற்றர்க் கட்டத்துக்குள் நோர்வூட்டில் ஒரு தேயிலை மலை, ஒரு லயன் வரிசை, ஓடை, சில்வர் ஓக் நிழல், மேலே ஒரு மானா முகடு எல்லாம் அடங்கிவிடும். அவற்றின் சராசரி எதையுமே குறிக்காது. தேயிலையின் பச்சை அந்தச் சராசரியை உயர்த்தி, முகட்டின் உலர்வை மறைத்துவிடும். 20 மீற்றரில் முகடு தனியாகத் தெரிகிறது. சென்டினல்-2 காலை பத்தரை மணி அளவில் கடக்கும்போது ஜனவரிச் சூரியன் தென்கிழக்கில் இருப்பதால் வடமேற்குச் சரிவுகள் அரை நிழலில் கிடக்கும். இரண்டு ஒளிகளின் விகிதத்தைப் பார்க்கும் முறை அதில் ஒரு பகுதியைச் சரிசெய்யும், மீதிக்கு மலையின் உயர வரைபடம் வேண்டும்.

மேகம் என்ன செய்யும் என்ற கேள்விக்கு வருவோம். ஒளி மேகத்தை ஊடுருவாது. தீ அபாயம் கூடும் வாரங்களில் வானம் ஓரளவு வெளுத்திருக்கும் என்பது நமக்குச் சாதகம், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. அங்கே ராடார் உதவுகிறது. சென்டினல்-1 அனுப்பும் ஐந்தரை சென்ரிமீற்றர் நுண்ணலை மேகத்தைக் கடந்து இலையிலும் தண்டிலும் பட்டுத் திரும்புகிறது. நீர் மின்புலத்துக்குக் கொடுக்கும் எதிர்வினை உலர்பொருளைவிடப் பல மடங்கு வலிமையானது என்பதால், ஈரமான செடி அதிகமாகத் திருப்பி அனுப்பும். ஆனால் சென்டினல்-1 ஓரிடத்தைக் கடப்பது காலை ஆறு மணியை ஒட்டியும் மாலை ஆறு மணியை ஒட்டியும். மலையகத்துக் காலை ஆறு மணிக்குப் புல்லின்மேல் பனி சொட்டிக்கொண்டிருக்கும். இலைமேல் உள்ள நீரையும் இலைக்குள் உள்ள நீரையும் ராடாரால் எளிதில் பிரிக்க முடியாது. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று எடையைக் கழிப்பதும் அதனால் எழும் தகராறும் இதே வேறுபாட்டைப் பற்றியதுதான். வரட்சிக்கால ஈரத்தைப் பார்க்க இங்கே மாலைக் கடப்பே நம்பத்தக்கது. செங்குத்துச் சரிவுகளில் ராடார்ப் படம் மடிந்து, முகடும் அடிவாரமும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதும் உண்டு. அந்த இடங்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும், ஊகித்து நிரப்பக் கூடாது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செய்மதி 24 சென்ரிமீற்றர் அலையையும் பத்துக்குச் சற்றுக் குறைந்த சென்ரிமீற்றர் அலையையும் சுமந்து, 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்புகிறது. நீண்ட அலை மரங்களுக்குள் ஆழமாகப் போகும் என்பதால் பைனஸ், யூகலிப்டஸ் காடுகளைப் படிப்பதற்கு அது கூடுதல் கை கொடுக்கும்.

ஒளி, ராடார் இரண்டையும் சேர்த்துக் கணினிக்குப் பழக்கினால் களத்து அளவீடு இல்லாமலே வேலை முடியுமா? இந்த நம்பிக்கை இப்போது பரவலாக இருக்கிறது. ஆதாரம் அதற்கு எதிராக இருக்கிறது. 2020-இல் கிருஷ்ணா ராவ், அலெக்சாண்ட்ரா கோனிங்ஸ் உள்ளிட்ட குழு சென்டினல்-1, லேண்ட்சாட்-8 தரவுகளை நரம்பு வலைப்பின்னல் முறையில் இணைத்து அமெரிக்க மேற்குப் பகுதியின் செடி ஈரத்தை வரைபடமாக்கியது. முறை நன்றாக வேலை செய்தது. ஆனால் அது கற்றுக்கொண்டது அங்கே ஆண்டுக்கணக்காகக் கத்தரிக்கோலும் டப்பாவும் எடுத்துக்கொண்டு போய்க் கிளை நறுக்கி நிறுத்தவர்களின் பதிவிலிருந்து. அப்படியிருந்தும் சராசரிப் பிழை சுமார் 25 சதவீதப் புள்ளி. மார்ட்டா யெப்ராவின் தலைமையில் 2019-இல் வெளியான உலகளாவிய செடி ஈரத் தரவுத்தொகுப்பில் 11 நாடுகளின் 1,383 இடங்களில் எடுக்கப்பட்ட 160,000-க்கும் மேற்பட்ட அளவீடுகள் இருந்தன. அந்த 11 நாடுகளில் இலங்கையும் இல்லை, இந்தியாவும் இல்லை. மானாப்புல்லை ஒருமுறைகூட நிறுக்காத ஒரு கணிப்பு மானாப்புல்லைப் பற்றிச் சொல்வது, வேறொரு செடியைப் பற்றிய அறிவை இதன்மேல் ஏற்றிச் சொல்வதுதான். அபாய எல்லையையும் இரவல் வாங்க முடியாது. தென் கலிபோர்னியாவின் சாமிஸ் புதரில் ஈரம் 79 சதவீதத்துக்குக் கீழே போனால் பெருந்தீ கூடுகிறது என்று 2009-இல் ஓர் ஆய்வு காட்டியது. அது எண்ணெய்ப் பசையுள்ள புதர். மானா சித்ரனெல்லா எண்ணெய் தரும் புல்லின் நெருங்கிய உறவு. இரண்டின் எல்லையும் ஒன்றாக இருக்கக் காரணமில்லை. அவுஸ்திரேலியாவில் பாதிப் புல் காய்ந்த பிறகே தீ ஓடும் என்று நெடுங்காலம் கணக்கு வைத்திருந்தார்கள். பிறகு வயலில் எரித்துப் பார்த்தபோது அதைவிடப் பசுமையான புல்லிலும் ஓடியது. தங்கள் புல்லைப் பற்றியே அவர்கள் எண்ணைத் திருத்த வேண்டியிருந்தது.

இனி இருக்கும் மறுப்புகளில் வலுவானது இது: செய்மதி அளப்பது உயிருள்ள செடியின் ஈரத்தை. முகட்டில் முதலில் பற்றுவது செத்த புல். செத்த புல்லுக்கு வேரோடு தொடர்பில்லை. காற்றின் ஈரப்பதன் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும், அதுவும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள். காலை ஏழு மணிக்குப் பனியில் நனைந்து பற்றவே பற்றாத புல், மதியம் ஈரப்பதன் 30 சதவீதத்துக்கு வந்தால் ஆறு ஏழு சதவீத ஈரத்தோடு கற்பூரமாக நிற்கும். ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும் படம் இதைப் பிடிக்க முடியாது என்பது முழுக்க உண்மை. நான் இதை ஏற்றுக்கொண்டே வாதத்தைத் தொடர்கிறேன். ஏனென்றால் மெதுவாக மாறுவதும் வேகமாக மாறுவதும் இரண்டு வேறு கேள்விகள். மொத்தப் புல்லில் எத்தனை பங்கு செத்திருக்கிறது, எஞ்சிய பச்சையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பது வாரக்கணக்கில் மாறுவது. அதைச் செய்மதி நன்றாகவே தொடரும். செத்த பங்கு இன்று மதியம் எவ்வளவு காய்ந்திருக்கும் என்பது மணிக்கணக்கில் மாறுவது. அதற்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் வெப்பநிலை, ஈரப்பதன், காற்று அளவீடுகள் போதும். முதலாவது தெரியாமல் இரண்டாவதை மட்டும் வைத்திருந்தால், ஜூன் மாதத்தில் வெயிலடிக்கும் ஒரு மதியமும் மார்ச் மாதத்து மதியமும் ஒன்றாகத் தெரியும். பெரும்பாலும் பச்சையாக நிற்கும் புல்வெளியில் ஆங்காங்கே கிடக்கும் செத்த தாள் எவ்வளவு காய்ந்தாலும் தீயை முகடுவரை கொண்டு போகாது.

ஆகவே நிறுத்துப் பார்ப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். முறை மிக எளிது. பனி உலர்ந்தபின், நண்பகலை ஒட்டி, ஒரு கைப்பிடிப் புல்லை அறுத்து உடனே மூடியுள்ள தகர டப்பாவில் போட வேண்டும். திறந்து வைத்தால் சில நிமிடங்களிலேயே நீர் போய்விடும். டப்பாவோடு நிறுத்து, 105 பாகை செல்சியஸ் அடுப்பில் ஒரு நாள் வைத்து, மறுபடி நிறுக்க வேண்டும். 50 கிராம் புல் காய்ந்து 20 கிராம் ஆனால் போன நீர் 30 கிராம். ஈரம் 150 சதவீதம். தேயிலைத் தொழிற்சாலைக்கு இது புதிதல்ல. அங்கே முழு நாளும் நடப்பது இலையிலிருந்து அளந்து நீரை எடுக்கும் வேலைதான். வாட்டும் தொட்டியில் பரப்பிய கொழுந்தில் எவ்வளவு நீர் போயிருக்கிறது, உலர்த்தியிலிருந்து வெளியே வரும் தூளில் 3 சதவீதத்துக்கு மேல் ஈரம் நிற்கிறதா என்பதைப் பார்க்கத் தெரிந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள், தராசும் இருக்கிறது. நூறு கிலோ கொழுந்துக்கு 22 கிலோ தூள் என்று தொழிற்சாலை எழுதும் கணக்கே ஓர் ஈர அளவீடு. தூளில் எஞ்சும் சிறு ஈரத்தை விட்டுவிட்டால் 78-ஐ 22-ஆல் வகுக்க ஏறக்குறைய 355 சதவீதம் வருகிறது. மலையகத்துக் கொழுந்தின் ஈரத்தைத் தலைமுறைக் கணக்கில் எழுதிவைத்திருக்கும் ஒரு தொழில், அதே மலையின் மேட்டுப் புல்லை ஒருநாளும் நிறுத்ததில்லை.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை வாரத்துக்கு ஒருமுறை, தோட்டத்துக்கு இரண்டு மூன்று புல் திட்டுகளில், ஒவ்வொன்றும் குறைந்தது 60 மீற்றர் அகல நீளத்துக்கு ஒரே மாதிரிப் புல்லாக இருக்கும்படி தேர்ந்து இதைச் செய்தால், இரண்டு பருவங்களில் இந்த மலைகளுக்கென்று ஒரு கணிப்பைப் பழக்கத் தொடங்கலாம். 1925-இல் நிறுவப்பட்டு இப்போது தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்துக்கு இந்த வகை அளவீட்டில் நல்ல பழக்கம் இருக்கிறது. வேலையைத் தொழிலாளியின் தலையில் கூலியில்லாமல் ஏற்றிவிடக் கூடாது; கொழுந்து எடுக்கும் நேரத்தில் புல் அறுக்க அனுப்பினால் அதற்கு நாட்சம்பளம் தர வேண்டும், அந்தச் செலவு அனர்த்த முகாமைத்துவத்துக்கான அரச நிதியிலிருந்து வர வேண்டும். மேட்டு ஊற்றையும் மின்சாரத்துக்கான நீரையும் காக்கும் வேலை தோட்டத்தின் தனி நலனுக்கான வேலையல்ல. அபாய எல்லையைக் கண்டுபிடிக்கப் புதிதாக எதையும் எரிக்கத் தேவையில்லை. எரிந்த தரையின் கருமை செய்மதிப் படத்தில் பல வாரம் தெளிவாகத் தெரியும். 2017 முதல் ஐந்து நாளுக்கொரு படம் இருப்பில் இருக்கிறது. ஒவ்வொரு கருந்திட்டையும் தேடி எடுத்து, அது எரிவதற்கு முந்திய படத்தில் அந்தப் புல்லின் சுட்டெண் என்னவாக இருந்தது, பக்கத்தில் எரியாமல் நின்ற புல்லின் சுட்டெண் என்னவாக இருந்தது என்று ஒப்பிட்டால், எந்த எண்ணுக்குக் கீழே இந்த மலைகள் எரிகின்றன என்பது வெளிப்படும். பல்கலைக்கழக மாணவர் ஒருவர் மடிக்கணினியில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

எச்சரிக்கை தவறினால் மக்கள் அடுத்த முறை நம்ப மாட்டார்கள் என்ற அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் வரைபடம் ஒற்றை எண்ணைச் சொல்லாமல், எவ்வளவு நிச்சயத்தோடு சொல்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன். பிழை 25 புள்ளியாக இருக்கும்போது 90 சதவீதம், 85 சதவீதம் என்று நிறம் பிரிப்பது அர்த்தமற்றது. நோர்வூட்டுக்குத் தேவையானது மூன்று நிலைகள் மட்டுமே: தீ ஓடாது, ஓடலாம், ஓடும். மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேர மழையை 75, 100, 150 மில்லிமீற்றர் என்று மூன்று படியாக வைத்து எச்சரிக்கிறது. மலையக மக்களுக்கு அந்தப் படிமுறை பழக்கமாகிவிட்டது. புல்லுக்கான மூன்று படியும் அதே வழியில், தமிழிலும் சிங்களத்திலும், வாரத்துக்கு ஒருமுறை தோட்டத்துக்கு வந்தால் வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் வாசித்துவிடலாம். இரண்டாம் படியில் மேட்டு ஊற்றைச் சுற்றித் தீத்தடுப்புக் கீற்று வெட்டவும் கவ்வாத்துக் குச்சிகளை முகட்டு ஓரத்திலிருந்து இழுத்துப் போடவும் ஆள் விட வேண்டும். மூன்றாம் படியில் மதியம் முதல் மாலைவரை எந்த முகட்டில் இரண்டு பேர் நிற்க வேண்டும் என்பதை அந்த 20 மீற்றர்க் கட்டங்களே பெயர் சொல்லிக் காட்டும்.